நாணயம் காத்த நகரம்
பண்டைக் கிரேக்கரின் வாணிபமும் வாழ்வும்

உடல் நலம் குன்றினால் நம்மவரிற் பலர் யூனானி வைத்தியரை நாடுவதுண்டு. ஜகாத்துக் கணக்குப் பார்க்கும் வேளையில் 'திர்ஹம்' என்ற சொல் காதில் விழுகிறது. மதரஸாவில் ஓதத் தொடங்கும் குழந்தை 'அலிஃப், பே' என்று ஆரம்பிக்கிறது. தமிழாசிரியரோ, பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய 'யவனர்' என்று சங்க நூல்கள் கூறுவோரைப் பற்றிப் பாடம் சொல்லுகிறார். இவை வெவ்வேறு இடங்களில் வழங்கும் சொற்கள். எனினும் இவை அனைத்திற்கும் ஒரே மக்களோடு உறவுண்டு. அவர்களே பண்டைக் கிரேக்கர்.

சிற்றாசியாவின் மேற்குக் கரையில் கிரேக்கர் குடியேறி வாழ்ந்த பகுதிக்கு ஐயோனியா என்று பெயர். அப்பெயர் அரபியிலும் பாரசீகத்திலும் யூனான் ஆயிற்று. நம் நாட்டில் வழங்கிய யவனர் என்ற பெயரும் அதன் வழி வந்ததே. கிரேக்கரின் வெள்ளிக் காசுக்குத் திராக்மா என்று பெயர். அதுவே பாரசீகத்தின் வழியாக அரபிக்குச் சென்று திர்ஹம் என நிலைத்தது. அலிஃபின் கதையைச் சற்றுப் பின்னர் சொல்லுவோம்.

கிரேக்கர் என்றவுடன் இஸ்கந்தர் என்னும் அலெக்சாந்தரின் படையெடுப்பும், சுக்ராத், அஃப்லாத்தூன், அரிஸ்தூ என்று அரபு அறிஞர்கள் அழைத்த சாக்ரட்டீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் ஆகியோரின் தத்துவமும் நினைவுக்கு வரும். ஆனால் அம்மக்களின் கடைத்தெருவைப் பற்றியும் துறைமுகத்தைப் பற்றியும் நாம் அதிகம் படிப்பதில்லை. வணிகர்களாகிய நமக்கு அதுவே மிகவும் நெருங்கிய பாடம். ஒரு நகரம் வாணிபத்தால் உயர வேண்டுமானால் சரக்கு மட்டும் இருந்தால் போதாது. காசு, அளவு, எழுத்து, நீதி ஆகிய நான்கும் நம்பத்தக்கவையாக இருக்க வேண்டும். ஏதென்ஸ் நகரம் இதை நன்கு அறிந்திருந்தது. ஆனால் அந்த வாணிபத்தைத் தோளில் சுமந்த மனிதர்களை அது எவ்வாறு நடத்தியது என்பது வேறொரு வரலாறு. இரண்டையும் ஒருங்கே காண்போம்.

நாடும் மக்களும்

பண்டைக் கிரேக்கம் ஓர் அரசனின் கீழ் அமைந்த ஒரே நாடன்று. மலைகளும் கடலும் பிரித்து வைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு நகர அரசுகளின் கூட்டம் அது. ஒவ்வொரு நகரத்துக்கும் தனிச் சட்டம், தனிப் படை உண்டு. பலவற்றுக்குத் தனி நாணயமும் உண்டு. ஆனாலும் மொழி ஒன்று, தெய்வங்கள் ஒன்று, ஹோமரின் காவியங்கள் அனைவருக்கும் பொது. நான்கு ஆண்டுகளுக்கொருமுறை ஒலிம்பியாவில் நடந்த விளையாட்டு விழாவில் எல்லா நகரத்தாரும் கூடினர்.

நிலம் வளமற்றது. ஏதென்ஸ் நகரைச் சூழ்ந்த ஆட்டிக்கா நாட்டில் ஒலிவ மரம் செழித்தது, திராட்சை விளைந்தது, நல்ல களிமண் கிடைத்தது. ஆனால் அனைவரும் உண்ணப் போதுமான கோதுமை விளையவில்லை. ஆகவே ஒலிவ எண்ணெயையும் மட்பாண்டங்களையும் வெள்ளியையும் ஏற்றி அனுப்பித் தானியத்தை இறக்குவதே அவர்கள் வாழும் வழியாயிற்று.

கிரேக்கருக்கு எழுத்து வந்ததும் வாணிபத் தொடர்பால்தான். இன்றைய லெபனான் கரையில் வாழ்ந்த பினீசியர் கடல் வணிகத்தில் கைதேர்ந்தவர்கள். அவர்களது எழுத்துகளைக் கிரேக்கர் கி.மு. 8-ஆம் நூற்றாண்டளவில் கைக்கொண்டு, உயிரெழுத்துகளுக்கும் குறிகள் அமைத்துக் கொண்டனர். பினீசியரின் முதலிரண்டு எழுத்துகளே கிரேக்கத்தில் ஆல்ஃபா, பீட்டா ஆயின. அதே குடும்பத்தின் மற்றொரு கிளையில் வந்தவையே நம் குழந்தைகள் ஓதும் அலிஃபும் பேயும்.

ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த பெரியோர்களில் தலைசிறந்தவர் சோலோன். இளமையில் இவர் வாணிபத்தின் பொருட்டுக் கடல் கடந்தவர் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. கி.மு. 594-இல் இவர் ஆட்சித் தலைமை ஏற்றபோது, கடன்பட்ட ஏழை உழவர்கள் பணத்துக்கு ஈடாகத் தங்கள் உடலையே அடகு வைத்து அடிமைகளாகிக் கொண்டிருந்தனர். சோலோன் அக்கடன்களை நீக்கினார். இனி எவரும் மனித உடலை ஈடாகப் பெற்றுக் கடன் தரலாகாது என்று சட்டம் செய்தார். ஒலிவ எண்ணெய் தவிர வேறு விளைபொருளை ஏற்றுமதி செய்வதைத் தடுத்தார். தொழிலோடும் குடும்பத்தோடும் வந்து தங்க விரும்பும் அந்நியருக்கு நகரத்தில் இடம் தந்தார். ஏதென்ஸின் வாணிபப் பெருமைக்கு வித்திட்டவர் இவரே எனலாம்.

துறைமுகமும் சந்தையும்

நகரத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது பிரேயுஸ் துறைமுகம். மிலேட்டஸ் நகரத்து ஹிப்போடாமஸ் என்பவர் அதன் தெருக்களை நேர்நேராக வகுத்தமைத்தார். நகரத்தையும் துறைமுகத்தையும் இணைக்க நெடுஞ்சுவர்கள் எழுப்பப்பட்டன. பகைவர் நிலவழியே முற்றுகையிட்டாலும் கப்பலில் வரும் தானியம் நகரத்துக்குத் தடையின்றி வந்து சேர்வதற்கான ஏற்பாடு அது.

துறைமுகத்தில் ஒரு கூடம் இருந்தது. அதற்குக் கிரேக்க மொழியில் 'மாதிரி' என்று பொருள்படும் சொல்லே பெயர். மூட்டை முழுவதையும் அவிழ்க்காமல், கோதுமை, மது, எண்ணெய் முதலியவற்றின் மாதிரிகளை வணிகர்கள் அங்கே வைப்பர். வாங்குவோர் பார்த்துப் பேரம் பேசுவர். நாணயம் மாற்றுவோரும் மேஜை போட்டு அங்கே அமர்ந்திருப்பர். கிரேக்க மொழியில் மேஜைக்கு உரிய சொல்லே இன்றளவும் வங்கிக்கும் பெயராக வழங்குகிறது.

நகரத்துச் சந்தைக்கு அகோரா என்று பெயர். அதன் நிர்வாகத்தைப் பற்றி நமக்கு விரிவாகச் சொல்லுவது அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ஏதென்ஸ் ஆட்சிமுறை பற்றிய நூல். பல நூற்றாண்டுகள் காணாமற் போயிருந்த இந்நூல், எகிப்திலிருந்து கிடைத்த பாப்பிரஸ் சுருள்களிலிருந்து 1891-இல் இலண்டனில் பதிப்பிக்கப்பட்டது. அச்சுருளின் முன்பக்கத்தில் இருந்தது ஒரு பண்ணைக் கணக்கு. கணக்கேட்டின் பின்புறம் வீணாகாமல் எவரோ இந்நூலை எழுதி வைத்தபடியால் இது உலகுக்கு மிஞ்சியது.

அந்நூல் தரும் செய்தி இது. சந்தை அதிகாரிகள் பத்துப் பேர் குடவோலை போன்ற முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஐவர் நகரத்துக்கு, ஐவர் துறைமுகத்துக்கு. விற்கும் பண்டம் கலப்படமற்றதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. அளவை அதிகாரிகள் வேறு பத்துப் பேர். எடைக் கற்களும் முகத்தல் அளவைகளும் சரியானவையா என்று பார்ப்பது அவர்கள் கடமை. தானியக் காவலர் என்போர் தனி. முதலில் பத்துப் பேராயிருந்த இவர்கள் பின்னர் 35 பேராயினர். கோதுமை நியாயமான விலைக்கு விற்கிறதா, மாவு விலை தானிய விலைக்கு ஏற்றதா, ரொட்டி குறித்த எடையில் இருக்கிறதா என்று இவர்கள் கவனித்தனர். துறைமுகத்தில் இறங்கும் தானியத்தில் மூன்றில் இரண்டு பங்கு நகரத்துக்கே வந்து சேர வேண்டும் என்பது மற்றொரு விதி.

ஏற்றுமதி, இறக்குமதி இரண்டிற்கும் நூற்றுக்கு இரண்டு சுங்கம். இதை வசூலிக்கும் உரிமையை ஆண்டுதோறும் ஏலம் விட்டனர். ஸ்பார்ட்டாவுடன் நடந்த நெடும்போரில் கி.மு. 404-இல் ஏதென்ஸ் தோற்றது. கப்பற்படையும் நெடுஞ்சுவர்களும் போயின. ஆனால் அதற்குச் சில ஆண்டுகளுக்குள்ளாகவே சுங்கக் குத்தகை 36 தாலந்துக்கு ஏலம் போயிற்று. நூற்றுக்கு இரண்டு 36 தாலந்து எனில், துறைமுகத்தில் ஓராண்டில் கைமாறிய சரக்கின் மதிப்பு 1,800 தாலந்தாவது இருக்க வேண்டும். ஒரு தாலந்து என்பது 6,000 திராக்மா. ஏறக்குறைய 26 கிலோ வெள்ளி. போரில் விழுந்த நகரத்தை மீண்டும் தூக்கி நிறுத்தியது எது என்பதை இக்கணக்கே சொல்லும்.

ஆந்தைக் காசு

தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. ஏதென்ஸ் மக்கள் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

நகரத்தின் தென்கிழக்கே லௌரியோன் என்னுமிடத்தில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. கி.மு. 483-ஐ ஒட்டி அங்கே வளமான புதிய படிவம் கிடைத்தது. வந்த பணத்தைக் குடிமக்கள் தமக்குள் பங்கிட்டுக் கொள்ளலாம் என்று பேச்சு எழுந்தது. தெமிஸ்தோக்கிளீஸ் என்ற தலைவர் அதைத் தடுத்து, போர்க்கப்பல்கள் கட்டச் செய்தார். அக்கப்பல்களே கி.மு. 480-இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகப் பேரரசின் படையை முறியடித்தன. கைக்கு வந்த இலாபத்தைப் பங்கு போட்டு உண்ணாமல் முதலாக்கியதால் பிழைத்த நகரம் அது.

அவ்வெள்ளியில் அடித்த காசின் ஒருபுறம் அதீனா தேவியின் தலையும், மறுபுறம் ஆந்தையும் இருக்கும். நான்கு திராக்மாக் காசு ஏறக்குறைய 17 கிராம் எடையுள்ளது. வெள்ளி தூய்மையானது. ஆகவே மத்தியதரைக் கடல் முழுவதும், அயல்நாட்டாரும் ஆந்தைக் காசைத் தயங்காமல் வாங்கினர்.

நல்ல காசு இருந்தால் கள்ளக் காசும் வரும். உள்ளே செம்போ ஈயமோ வைத்து மேலே வெள்ளி பூசியவை சந்தையில் நுழைந்தன. இதைத் தடுக்க கி.மு. 375-இல் ஒரு சட்டம் இயற்றினர். அச்சட்டத்தைப் பொறித்த கல்லை அகோராவில் அகழ்வாராய்ச்சி செய்தோர் 1970-இல் கண்டெடுத்தனர். அதன்படி, காசு சோதிப்பவன் ஒருவன் நாள்தோறும் நாணய மாற்று மேஜைகளின் நடுவே அமர்ந்திருக்க வேண்டும். ஐயத்துக்குரிய காசு வந்தால் அவன் பார்ப்பான். நல்லதெனில் திருப்பித் தருவான். கள்ளக் காசெனில் அந்த இடத்திலேயே வெட்டிச் சிதைத்து ஆலயத்துக்குச் சேர்த்து விடுவான். அவன் நல்லதென்று சொன்ன காசை ஒரு கடைக்காரர் வாங்க மறுத்தால், அன்று அவர் விற்க வைத்த சரக்கு பறிமுதலாகும். துறைமுகத்திலும் இதேபோல் ஒருவன் அமர்த்தப்பட்டான்.

இதில் வியப்பு என்னவெனில், சோதிப்பவன் நகரத்துக்குச் சொந்தமான ஓர் அடிமை. கடமையில் தவறினால் 50 கசையடி. நகரத்தின் நம்பிக்கை முழுவதும் அவன் கண்ணிலும் கையிலும் இருந்தது. ஆனால் அவனுக்குச் சொந்தமாகத் தன் உடல்கூட இல்லை.

பதுக்கலும் பொய்ச் செய்தியும்

கருங்கடல் கரையிலிருந்து வந்த தானியமே ஏதென்ஸின் உயிர்நாடி. கிரிமியாப் பகுதியை ஆண்ட லியூக்கோன் என்ற மன்னரின் நாட்டிலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சுமார் 4,00,000 மெதிம்னோஸ் தானியம் வருவதாகப் பெரும் பேச்சாளர் தெமோஸ்தனீஸ் கி.மு. 355-ஐ ஒட்டி நிகழ்த்திய சொற்பொழிவில் கூறினார். ஒரு மெதிம்னோஸ் என்பது 50 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவு.

ஆகவே தானியத்தில் விளையாடுவதைச் சட்டம் பொறுக்கவில்லை. சில்லறைத் தானிய வியாபாரி ஒரு தடவையில் 50 கூடைகளுக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கிய விலைக்கு மேல் ஓர் ஓபோல் மட்டுமே இலாபம் வைக்கலாம். ஆறு ஓபோல் கொண்டது ஒரு திராக்மா. மீறினால் மரண தண்டனை. கி.மு. 386-ஐ ஒட்டிச் சில வியாபாரிகள் இக்குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். அவ்வழக்கின் பேச்சு இன்றும் கிடைக்கிறது. கருங்கடலில் கப்பல்கள் மூழ்கின என்றும், ஸ்பார்ட்டர் அவற்றைப் பிடித்து விட்டனர் என்றும், சமாதானம் முறியப் போகிறது என்றும் இவர்கள் பொய்ச் செய்தி பரப்பி விலையை ஏற்றுகின்றனர் என்று அப்பேச்சு குற்றஞ்சாட்டுகிறது. ஊருக்கு வந்த துன்பத்தில் தமக்கு இலாபம் பார்ப்பவர்கள் என்பதே அதன் சாரம். ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் கடந்தும் இக்குற்றச்சாட்டு பழையதாகவில்லை.

கடற்கடனும் எழுத்தும்

கப்பல் வாணிபத்துக்குப் பெருமுதல் வேண்டும். கையில் முதலில்லாத வணிகர் கடல் கடன் வாங்கினர். கி.மு. 350-ஐ ஒட்டிய ஒரு வழக்கில் இத்தகைய கடன் பத்திரம் ஒன்று முழுமையாகப் படித்துக் காட்டப்பட்டிருக்கிறது. அதன் நிபந்தனைகள் வருமாறு:

கடன் தொகை 3,000 திராக்மா. வாங்குவோர் ஃபசேலிஸ் என்னும் ஊர்ச் சகோதரர் இருவர். வடகிரேக்கத்து மெண்டி என்னுமிடத்தில் 3,000 ஜாடி மது ஏற்றிக் கருங்கடலுக்குச் சென்று விற்று, அங்கிருந்து சரக்கு ஏற்றித் திரும்ப வேண்டும். வட்டி அப்பயணத்துக்கு ஆயிரத்துக்கு 225. இலையுதிர் காலத்தில் ஸ்வாதி நட்சத்திரம் உதயமான பின் திரும்புவதானால், புயல் அபாயம் மிகுதியாதலின் ஆயிரத்துக்கு 300. அதே சரக்கின் மீது வேறெவரிடமும் கடன் வாங்கலாகாது. ஏதென்ஸ் திரும்பிய 20 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும். கப்பலைக் காப்பாற்றுவதற்காகப் பயணிகள் கூடி முடிவு செய்து கடலில் எறிந்த சரக்கின் மதிப்பைக் கழித்துக் கொள்ளலாம். கப்பலும் சரக்கும் மூழ்கினால் கடனும் தீர்ந்தது.

சகோதரர்கள் 3,000 ஜாடி ஏற்றவில்லை. 450 ஜாடிக்கு மேல் இல்லை என்று கப்பலில் சென்றவர்கள் சாட்சி சொன்னார்கள். வழக்கு வந்ததும் இதனால்தான்.

இதைவிடக் கொடிய மோசடியும் நடந்தது. ஹெகெஸ்திராட்டோஸ் என்ற கப்பல்காரரும் அவருடைய கூட்டாளியும் சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரில் பலரிடம் கடல் கடன் வாங்கினர். அப்பணத்தைச் சரக்கில் போடாமல் சொந்த ஊருக்கு அனுப்பி விட்டனர். கப்பல் மூழ்கினால் கடன் தீரும் அல்லவா? கரையை விட்டு இரண்டு மூன்று நாள் ஓடியதும், இரவில் ஹெகெஸ்திராட்டோஸ் கீழ்த்தளத்தில் இறங்கிக் கப்பலின் அடியைத் துளையிட்டார். கூட்டாளியோ ஒன்றும் அறியாதவர்போல் மேல்தளத்தில் மற்றவர்களோடு இருந்தார். ஓசை கேட்டுப் பயணிகள் ஓடிச் சென்று பிடிக்க முயன்றனர். தப்புவதற்காகக் கடலில் குதித்தவர், இருட்டில் சிறுபடகைத் தவறவிட்டு மூழ்கிப் போனார். கப்பல் கரை சேர்ந்தது. பிறருக்கு வெட்டிய குழியில் தானே விழுந்தார் என்பதற்கு இதனினும் பொருத்தமான கதை வேண்டியதில்லை.

இத்தகைய வழக்குகளுக்காக ஏதென்ஸ் தனி வாணிப நீதிமுறை ஒன்றை அமைத்தது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்க வேண்டும். மாதந்தோறும் வழக்குகள் எடுத்துக் கொள்ளப்படும். வழக்காடுபவர் குடிமகனா அந்நியரா என்று பார்ப்பதில்லை. வணிகருக்குக் காலமே பணம் என்பதை உணர்ந்த ஏற்பாடு இது.

வட்டியைப் பற்றி நம் வாசகர்கள் கேட்கக் கூடும். கிரேக்க அறிஞர்களே அதை ஒருமுகமாக ஏற்கவில்லை. வட்டிக்கும் பிள்ளைக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல். பணம் பணத்தை ஈனுவது இயற்கைக்கு மிகவும் மாறான சம்பாத்தியம் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். பிளேட்டோவும் தமது சட்ட நூலில் வட்டிக் கடனை விலக்கினார். கடல் கடனில் முதல் போட்டவர் புயலின் நட்டத்தை ஏற்றார். சந்தையின் நட்டத்தை ஏற்கவில்லை. சரக்கு விலை போகாவிட்டாலும் குறித்த வட்டி வந்தாக வேண்டும். இலாபத்தில் பங்கு, நட்டம் வந்தால் முதல் போட்டவருக்கு என்று நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும் முளாரபாக் கூட்டுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இக்கடல் கடன் முறை ஏதென்ஸோடு முடியவில்லை. ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 2-ஆம் நூற்றாண்டில், எகிப்திலிருந்து சேரநாட்டு முசிறிக்கு வந்து சென்ற வாணிபம் பற்றிய கிரேக்கமொழி ஒப்பந்த ஏடு ஒன்று கிடைத்து, வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது. சரக்கேற்றி வந்த கப்பலின் பெயர் ஹெர்மபோலோன். யவனர் மிளகுக் கரைக்கு வந்தது வெறும் துணிவினால் மட்டுமன்று. கையில் எழுத்தோடு வந்தனர்.

குடியேறிய வணிகர்

இனி, அவ்வாணிபத்தை நடத்தியவர்களைக் காண்போம். ஏதென்ஸ் குடிமகனின் பெருமை நிலம் வைத்திருப்பதில் இருந்தது. ஆகவே துறைமுகத்தின் வியாபாரத்தையும் லேவாதேவியையும் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்களே நடத்தினர். கி.மு. 451-இல் பெரிக்ளீஸ் கொண்டு வந்த சட்டப்படி, தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் மரபினராக இருந்தால்தான் குடியுரிமை. மூன்று தலைமுறை அங்கே வாழ்ந்தாலும் வந்தவர் வந்தவரே.

இவர்கள் ஆணுக்கு ஆண்டுக்கு 12 திராக்மாவும், தனித்து வாழும் பெண்ணுக்கு 6 திராக்மாவும் தலைவரி கட்ட வேண்டும். அக்காலத்தில் கைத்தொழிலாளி ஒருவரின் நாட்கூலி ஏறக்குறைய ஒரு திராக்மா. வரி பெரிதன்று. ஆனால் கட்டத் தவறினால் அடிமையாக விற்கப்படலாம். குடிமகன் ஒருவர் பொறுப்பாளராக நிற்க வேண்டும். சிறப்பு அனுமதி இன்றி நிலமோ வீடோ வாங்க முடியாது. போர் வந்தால் படையில் சேர வேண்டும், போர்வரியும் தர வேண்டும். சபையில் மட்டும் இடமில்லை.

இவர்களில் ஒருவர் கெஃபாலோஸ். சிராக்கூஸிலிருந்து பெரிக்ளீஸின் அழைப்பின் பேரில் வந்து 30 ஆண்டுகள் தங்கினார். பிரேயுஸில் அவர் குடும்பத்தின் கேடயத் தொழிற்சாலை இருந்தது. பிளேட்டோவின் புகழ்பெற்ற 'குடியரசு' நூலின் உரையாடல் நடப்பது இவ்வீட்டில்தான். நீதி என்பது என்ன என்ற மாபெரும் விசாரணை, இந்த முதிய வணிகரோடு சாக்ரட்டீஸ் பேசும் பேச்சிலிருந்து தொடங்குகிறது. உண்மை பேசுதல், பட்ட கடனைத் தீர்த்தல் என்பதே வணிகர் வாயிலாக வரும் முதல் விடை. தத்துவ ஞானிகள் அதற்கு மேலும் போனார்கள். ஆனால் தொடங்கிய இடம் அதுதான்.

அவ்வீட்டுக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். கி.மு. 404-இல் தோல்விக்குப் பின் முப்பது கொடுங்கோலர்கள் ஏதென்ஸை ஆண்டனர். அவர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. குடியேறிய வணிகர்களிற் சிலர் அரசுக்கு எதிரிகள் என்று பழி சுமத்திச் சொத்தைப் பறிப்பதென முடிவு செய்தனர். பத்துப் பேரைக் குறித்தனர். அதில் இருவர் ஏழைகளாக இருக்க வேண்டும். அப்போதுதான் பணத்துக்காகச் செய்வதாகத் தோன்றாது! கெஃபாலோஸின் மக்களில் லிஸியாஸ் பின்வாசல் வழியே தப்பி மெகாராவுக்கு ஓடினார். மூத்தவர் பொலெமார்க்கோஸை விசாரணையின்றி நஞ்சு குடிக்க வைத்தனர். 700 கேடயங்களும், 120 அடிமைகளும், பொன்னும் வெள்ளியும் பறிபோயின. அவர் மனைவியின் காதிலிருந்த பொற்றோடுகளைக்கூடக் கழற்றிக் கொண்டனர்.

லிஸியாஸ் மனம் சோரவில்லை. மக்களாட்சியை மீட்கப் போராடியவர்களுக்கு 200 கேடயங்களும் 2,000 திராக்மாவும் தந்தார், கூலிப்படையும் திரட்டினார். கி.மு. 403-இல் மக்களாட்சி திரும்பியது. அவருக்குக் குடியுரிமை தரத் தீர்மானம் நிறைவேறியது. ஆனால் அது முறைப்படி ஆலோசனைக் குழுவின் வழியாக வரவில்லை என்று ஒருவர் வழக்காடி ரத்துச் செய்வித்தார். லிஸியாஸ் இறுதிவரை குடியேறியவராகவே வாழ்ந்து, பிறருக்கு நீதிமன்றப் பேச்சு எழுதிப் பிழைத்தார். மேலே சொன்ன தானிய வியாபாரிகள் வழக்கின் பேச்சும் அவர் எழுதியதே.

வேறொருவரின் கதை இவ்வளவு துயரமானதன்று. பாசியோன் என்பவர் வங்கியாளர் இருவரின் அடிமையாகத் தொடங்கியவர். கணக்கில் நேர்மையால் விடுதலை பெற்று, அவ்வங்கியையே ஏற்று நடத்தினார். நகரத்துக்கு 1,000 கேடயங்களையும் ஐந்து போர்க்கப்பல்களின் செலவையும் நன்கொடையாகத் தந்தார். குடியுரிமை கிடைத்தது. கி.மு. 370-இல் இறந்தபோது ஏதென்ஸின் பெருஞ்செல்வர்களில் ஒருவர். அவர் விடுதலை செய்த அடிமை ஃபோர்மியோன் வங்கியை நடத்தி, அவரும் பின்னர் குடிமகனானார்.

கி.மு. 333-இல் சைப்ரஸ் தீவின் கிட்டியம் நகர வணிகர்கள், தங்கள் தெய்வத்துக்கு வழிபாட்டிடம் கட்ட நிலம் வாங்க அனுமதி வேண்டி ஏதென்ஸ் மக்கள் சபைக்கு விண்ணப்பித்தனர். எகிப்தியருக்கு முன்னரே இவ்வாறு அனுமதி தந்திருப்பதைக் காட்டி, சபை அதை வழங்கியது. அத்தீர்மானம் பொறித்த கல் இன்றும் இருக்கிறது. கடல் கடந்து சென்ற வணிகர்கள் கடை வைத்த ஊரில் அடுத்ததாக நாடுவது வழிபடுவதற்கு ஓரிடமே என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சந்தையில் வளர்ந்த அறிவு

கிரேக்கக் கலைகளின் பெருமையைப் பலரும் எழுதியிருக்கின்றனர். கி.மு. 447 முதல் 432 வரை கட்டிய பார்த்தனோன் ஆலயமும், நாடக அரங்கங்களும், வைத்தியமும் கணிதமும் உலகறிந்தவை. அந்த அறிவு சந்தையை விட்டு விலகி நிற்கவில்லை என்பதையே இங்குச் சொல்ல விழைகிறோம். சாக்ரட்டீஸ் தாம் பேசிய இடங்களில் ஒன்றாக நாணய மாற்று மேஜைகளைக் குறிப்பிட்டார். சீமோன் என்ற செருப்புத் தொழிலாளியின் கடையில் அமர்ந்து பேசினார் என்றும் வரலாறு உண்டு. அகோராவின் ஓரத்தில் ஆணிகளும், சீமோன் என்ற பெயர் கீறிய கோப்பையின் அடிப்பகுதியும் கிடைத்திருக்கின்றன.

பிற்காலத்தில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (இறப்பு 873) முதலானோர் கிரேக்க வைத்திய நூல்களையும் தத்துவ நூல்களையும் அரபியில் பெயர்த்தனர். அரிஸ்டாட்டிலை 'முதல் ஆசிரியர்' என்று போற்றிய அரபுலகம், ஃபாராபியை 'இரண்டாம் ஆசிரியர்' என்றது. கெஃபாலோஸின் வீட்டில் தொடங்கும் அந்தக் 'குடியரசு' நூலுக்கு ஸ்பெயின் நாட்டு இப்னு ருஷ்து (1126 - 1198) விளக்கம் எழுதினார். வணிகர் வீட்டில் எழுந்த கேள்வி, கடல்களையும் மொழிகளையும் கடந்து சென்றது.

நாம் பெறும் படிப்பினை

ஏதென்ஸைக் குறையற்ற நகரமென்று எண்ண வேண்டாம். ஆந்தைக் காசின் வெள்ளியை வெட்டியவர்கள் சுரங்க அடிமைகள். நிக்கியாஸ் என்ற செல்வர் 1,000 அடிமைகளைத் தலைக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபோல் வீதம் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டார். சந்தையில் ரொட்டி விற்ற பெண்கள் பலர். ஆனால் ஒரு மெதிம்னோஸ் வாற்கோதுமைக்கு மேற்பட்ட மதிப்புள்ள ஒப்பந்தம் செய்யப் பெண்ணுக்குச் சட்டம் இடந்தரவில்லை.

எனினும் கற்க வேண்டியவை உள. எடையும் காசும் எழுத்தும் நம்பத்தக்கவையாக இருந்தவரை, அயல்நாட்டுக் கப்பல்கள் தாமாகவே பிரேயுஸை நாடின. அந்நம்பிக்கை தானாக விளையவில்லை. நாள்தோறும் ஒருவர் மேஜையருகில் அமர்ந்து காசைப் பார்த்ததால் நின்றது. மற்றொன்று, சரக்கைக் காக்கும் சட்டம் சரக்கைக் கொணர்ந்த மனிதரையும் காக்காவிட்டால், ஒரே ஓர் ஆட்சி மாற்றத்தில் 30 ஆண்டு உழைப்பு போய்விடும் என்பதை லிஸியாஸின் குடும்பம் காட்டியது.

ஏதென்ஸில் பிறந்த பழைய படைத்தலைவர் செனஃபோன், கி.மு. 355-ஐ ஒட்டி நகரத்தின் வருவாயைப் பெருக்கும் வழி பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அப்போது மற்றொரு போரில் தோற்று நகரத்தின் கருவூலம் வற்றியிருந்தது. அவர் கூறிய யோசனைகள் இவை: குடியேறியவர்களை மதியுங்கள். காலியாகக் கிடக்கும் மனைகளில் தகுதியானோர் வீடு கட்ட இடம் தாருங்கள். வாணிப வழக்கை நேர்மையாகவும் விரைவாகவும் தீர்க்கும் அதிகாரிக்குப் பரிசளியுங்கள். நல்ல கப்பலும் சரக்கும் கொணரும் வணிகருக்கு நாடக அரங்கில் முன்வரிசையில் இடம் கொடுங்கள்.

வெள்ளியை வெட்டி எடுக்கவும் காசை அடிக்கவும் ஏதென்ஸ் விரைவில் கற்றது. ஆனால் அக்காசைக் கொணர்ந்தவரை அருகில் அமர்த்த வேண்டும் என்பதைச் சொல்ல ஒருவர் எழுவதற்குள் இரண்டு போர்களில் தோற்றிருந்தது.